முகம் தெரியாது என்றார்கள்

அந்தப் பெண் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கேட்டபோது நான் சம்மதித்தேனா, இல்லையா? "செரிங்க" என்று சொன்னது என் வாய்தான். அதை என் மாமியார் கேட்டார், என் கணவர் கேட்டார், கேள்வி கேட்ட பெண்ணும் கேட்டார். நான் மட்டும் அதற்கு இன்னும் பதில் தெரியாமல் இருக்கிறேன். துணி மடிக்கும்போது யோசிக்கிறேன், குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றும்போது யோசிக்கிறேன். ஒரு நாள் ஆமாம் என்று தோன்றுகிறது, மறுநாள் இல்லை என்று தோன்றுகிறது.

எங்கள் வீடு கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. கணவர் கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறார். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயும்போது வருவார். நான் கணக்கில் எம்.எஸ்சி. முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். இது நடந்தபோது அவளுக்கு ஏழு மாதம். பகல் முழுவதும் வீட்டில் அவளும் நானும் மாமியாரும்தான்.

எங்கள் பக்கம் ஷூட்டிங் புதிதில்லை. பொள்ளாச்சி ரோட்டோரம் கேரவன் நின்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த முறை ஒரு வெப் சீரிஸ்காரர்கள் தோப்பின் மறுகோடியில் பூட்டிக் கிடந்த எங்கள் பழைய ஓட்டு வீட்டைக் கேட்டார்கள். கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு கைக்குழந்தையுடன் அப்பா வீட்டுக்குத் திரும்பிவிட்ட ஒரு பெண்ணின் கதை. அவர்கள் ஏற்பாடு செய்திருந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. டைரக்டர் என் இடுப்பில் இருந்த மகளைப் பார்த்தார்.

"ரெண்டே ரெண்டு சீன்தாம்மா. ஹீரோயின் மடியில பாப்பா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். கேட்டது என்னை இல்லை, மாமியாரை.

"அதுக்கென்னங்க, எடுத்துக்குங்க. என்ற பேத்தி யாருகிட்ட வேணும்னாலும் போவாளுங்க" என்றார் மாமியார்.

என் மகள் யாரிடமும் போக மாட்டாள். மாமியாரிடமே பசி இல்லாத நேரத்தில்தான் போவாள். அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. டைரக்டர் எதிரில் மாமியாரின் பேச்சைப் பொய்யாக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒத்திகையின்போது ஹீரோயின் வாங்கியதுதான் தாமதம், என் மகள் தோப்பே அதிரும்படி அழுதாள். ஹீரோயின் பாவம், கிலுகிலுப்பை ஆட்டினாள், பாடினாள், கடைசியில் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. "பாப்பா பெரிய ஸ்டாருங்க, நமக்கெல்லாம் டேட் குடுக்க மாட்டேங்குது" என்று மேனேஜர் சிரித்தார். நான் வாங்கிக்கொண்டதும் அழுகை நின்றது. அதைப் பார்த்ததும் டைரக்டருக்கு யோசனை வந்துவிட்டது. காட்சியே தாய் குழந்தைக்குப் பால் கொடுப்பதுதான். ஹீரோயினின் சேலையைக் கட்டிக்கொண்டு நானே கொடுத்தால் பின்னாலிருந்து எடுத்துக்கொள்வார்களாம். தோள், கை, குழந்தையின் தலை, அவ்வளவுதான் வருமாம்.

"முகம் தெரியாதும்மா" என்றார். அதையும் மாமியாரிடம்தான் சொன்னார்.

அப்போதுதான், பிறகு எங்கள் வீட்டு ஹாலில் வந்து கேட்ட அந்தப் பெண் குறுக்கே வந்தார். யூனிட்டில் எல்லோரும் அவரை மேடம் என்றார்கள், கொஞ்சம் நக்கலாக. நானும் அப்படியே எழுதுகிறேன். சென்னையிலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும். கட்டில் காட்சி, அடிதடி காட்சி, உடை மாற்றும் காட்சி போன்றவற்றில் நடிப்பவர்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுவார். எங்கே தொடலாம், எங்கே கூடாது, எவ்வளவு தெரியலாம் என்று முடிவு செய்வார். ஷூட்டிங் அன்று பேசினதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார். இதற்கென்று ஒரு வேலை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"மேடம், நீங்க முத்தம் குடுக்கற சீனுக்குத்தானே? பால் குடுக்கறதுக்கு எதுக்கு நீங்க?" என்றார் மேனேஜர். லைட்காரர்கள் வரைக்கும் சிரித்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. "உடம்பு தெரியற சீன் எதுவா இருந்தாலும் என் வேலைதான். இங்க வச்சு இத்தனை ஆம்பளைங்க முன்னாடி அவங்களைக் கேக்கறது தப்பு. சாயங்காலம் அவங்க வீட்டுக்கே போய்க் கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் யாரும் அவங்ககிட்ட இதைப் பத்திப் பேசக்கூடாது."

உண்மையைச் சொன்னால், எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. கேட்காமல் விட்டிருந்தால் மாமியார் சரி என்றார், செய்தேன் என்று நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். கேட்பேன் என்று சொன்ன அந்த நிமிடத்திலிருந்து அது என் தலைமேல் ஏறிக்கொண்டது. எதற்காக என்னைக் கேட்க வேண்டும் என்று கோபமாகக்கூட வந்தது. அது எந்த மாதிரியான கோபம் என்று இப்போது யோசித்தால் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் சொன்னபடி வந்தார். கணவரும் அப்போதுதான் வந்து கால் கழுவியிருந்தார். வீட்டுக்கு ஒரம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் எப்படியோ அப்படித்தான் எல்லாம் நடந்தது. மாமியார் நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டார், காப்பி வந்தது, முறுக்கு வந்தது, தென்னங்கருப்பட்டி போட்ட கச்சாயம்கூட வந்தது. வந்தவரை எதற்கு வந்தீர்கள் என்று கேட்க மாட்டோம். அவர்களாகச் சொல்ல வேண்டும். அவர்கள் ஒன்றைக் கேட்டால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். யாரும் சொல்லித்தந்து நான் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. இப்படித்தான் வளர்ந்தேன்.

மேடம் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். அறைக்குள் கேமராமேன் தவிர வேறு ஆண் இருக்க மாட்டார். டைரக்டர் வெளியே மானிட்டரில் பார்த்துக்கொண்டு நிற்பார். தோளில் ஒரு துணி இருக்கும், அது எங்கே இருக்க வேண்டும் என்று இப்போதே பேசி முடித்துவிடலாம். எந்த நேரத்தில் பிடிக்காவிட்டாலும் நான் கையைத் தூக்கினால் போதும், எல்லாம் நின்றுவிடும்.

"நீங்க வேண்டாம்னு சொல்லலாம். காரணமே சொல்ல வேண்டியதில்லை. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார்.

யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்களாம். நான் மாமியாரைப் பார்த்தேன்.

"பால் குடுக்கறதுக்கு என்னங்க வெக்கம், அம்மணி?" என்றார் மாமியார், மேடத்திடம். "பஸ்ஸுல குடுக்கறோம், கோயில்ல குடுக்கறோம். என்ற மூணு புள்ளைகளுக்கும் களத்துல உக்காந்து குடுத்தவதான் நானு."

"அவங்க என்ன நினைக்கறாங்கன்னு..." என்று மேடம் என் பக்கம் திரும்பினார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் முறுக்கை உடைத்துக்கொண்டே, "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய் அம்மணி. என்னைய எதுக்குப் பாக்கற?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதில் பிடித்துக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை.

"செரிங்க" என்றேன்.

"நிஜமாவா?"

"அவதான் சொல்லிப்போட்டாளே. காப்பி ஆறுதுங்க, குடிங்க" என்றார் மாமியார்.

மேடம் கடைசியாக ஒன்று கேட்டார். அறைக்குள் எனக்குத் துணையாக, எனக்கு நம்பிக்கையான ஒருவர் இருக்கலாம், யார் வேண்டும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "நானிருக்கறேன்ல கண்ணு" என்று என் தலையைத் தடவினார். மேடத்தின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கு நல்ல மாமியார் வாய்த்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்.

அவர் செய்த தவறு என்ன என்று எனக்கு வெகு நாட்கள் கழித்துத்தான் புரிந்தது. ஒரு பெண் தன் வீட்டில் பயமில்லாமல் பேசுவாள் என்று நினைத்துத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்தார். அந்த ஆண்களுக்கு நடுவிலேயே கேட்டிருந்தால்கூட, "ஊட்டுல கேட்டுச் சொல்றேனுங்க" என்று ஒரு வழி இருந்திருக்கும். வீட்டுக்குள் வந்து கேட்டதும் அந்த வழியும் அடைந்துபோனது. நானும் டீச்சராக இருந்தவள்தான். வகுப்பு முழுவதையும் பார்த்து "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது டீச்சர்" என்றுதான் வரும். பரீட்சைத் தாளைத் திருத்தும்போதுதான் தெரியும் யாருக்குமே புரியவில்லை என்பது.

ஷூட்டிங் அன்று காற்றின் சத்தம் பதிவாகிறது என்று ஜன்னல்களை மூடிவிட்டார்கள். உள்ளே ஒரே புழுக்கம். மேக்கப் பெண் வந்து மகளின் கன்னத்தில் இருந்த திருஷ்டிப் பொட்டைத் துடைத்தாள். அந்தப் பொட்டு இல்லாமல் குழந்தையை வாசல்வரை கொண்டுபோனால்கூட என்னைத் திட்டுகிற மாமியார் அன்று ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலின் கால்மாட்டில் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தார். படத்தில் வரமாட்டார், கேமராவில் விழமாட்டார் என்று தெரிந்தும் பட்டுச் சேலை.

முதல் டேக் பேசியபடியே நடந்தது. துணி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மகள் குடித்தாள். எனக்கு முதுகில் வியர்வை ஓடியது, ஆனாலும் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது மேடத்தின் கையில் இருந்த வாக்கி டாக்கியில் டைரக்டரின் குரல் வந்தது.

"துணியைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்க. மூட்டை கட்டி வச்ச மாதிரி இருக்கு."

"பேசினது இவ்வளவுதான் சார்" என்றார் மேடம்.

"ரெண்டு இஞ்ச் மேடம். யாரும் எதையும் பாக்கப் போறதில்லை."

"இல்லை சார்."

"அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா" என்றது குரல். அது மாமியாருக்கு. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் எழுந்து வந்தார். ஒரு கை நீண்டு என் தோளில் இருந்த துணியைப் பிடித்துக் கீழே இழுத்தது. கல்யாண வீடுகளில் என் சேலை மடிப்பைச் சரிசெய்கிற அதே கை, அதே வேகம். "ஒரு நிமிசந்தானே" என்று காதருகில் சொன்னார்.

மேடம் கேமராவுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். கேமராமேன் கத்தினார். டைரக்டர் கதவைத் திறந்துகொண்டு வாசலில் நின்றார்.

"அவங்க மாமியாரே இறக்கி விடறாங்க. அவங்க வீட்டு ஆளு. அதுக்கு மேல என்னங்க சம்மதம் வேணும் உங்களுக்கு?"

"உடம்பு மாமியாரோடது இல்லை சார்."

"ஏனுங்க" என்று திரும்பினார் மாமியார். அதுவரை அம்மணி என்றவர் அம்மணியை விட்டுவிட்டார். "நீங்க பேசறது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா? என்ற மருமகளை நான் சந்தையில ஏலத்துக்கு விட்டாப்பல பேசறீங்க! புள்ளைக்குப் பால் குடுக்கறதுல உங்களுக்கு மட்டும் எங்கிருந்துங்க அசிங்கம் தெரியுது?"

"அம்மா, நான் அசிங்கம்னு சொல்லவே இல்லை."

"புள்ளை பெத்திருந்தாத் தெரியும்."

மேடத்துக்குக் குழந்தை உண்டா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. அவர் என் பக்கம் குனிந்து, "நீங்க சொல்லுங்க. நிறுத்தணுமா? கையை மட்டும் தூக்குங்க, போதும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வலது கை மகளின் தலைக்கடியில் இருந்தது. இடது கை சும்மாதான் இருந்தது. அது எழவில்லை. தூக்கினால் அது டைரக்டருக்கு எதிராக இருக்காது. மாமியாருக்கு எதிராக இருக்கும், வெளியாட்கள் முன்னால். மேடத்தின் மேல்தான் எனக்கு வெறுப்பு வந்தது. மறுபடியும் கேட்கிறாரே, இவர்கள் முன்னால் வைத்தே கேட்கிறாரே என்று.

"பாப்பா தூங்கிப்போட்டாளுங்க" என்றேன்.

என் மகள் கண்ணை அகல விரித்து லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. நான் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தேன். ஹீரோயினின் சேலையோடேயே தோப்பைக் கடந்து வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். நடக்கிற வழியெல்லாம் மகள் கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு வந்தாள்.

அதோடு வீட்டில் பேச்சு நின்றது. மாமியார் எனக்குச் சொல்ல வேண்டியதைக் குழந்தையிடம் சொன்னார். "ஊட்டுக்கு வந்தவிங்களை நடுவுல நிறுத்தி அவமானப்படுத்திப்போட்டு வந்திருக்கறா உங்கொம்மா. படிச்சவளாமா, படிச்சவ." குழம்பில் உப்பு நெம்ப என்றார். துவைத்த துணியைத் திரும்ப அலசினார். நானும் சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது. அவர் தொட்ட பாத்திரத்தை நான் மறுபடி கழுவினேன்.

கணவரிடம் கேட்டேன். "அத்தை பண்ணினது உங்களுக்குச் செரின்னு தோணுதுங்களா?"

"செரின்னு நான் சொன்னனா? உனக்கு வேண்டாம்னா முன்னாலயே சொல்லியிருக்கலாமில்ல?"

"யாரு என்னைய விட்டாங்க?"

"இதென்ன அம்மணி வம்பா இருக்குது! அவிங்க ஊட்டுக்கே வந்து, உக்காந்து, உன்ற மூஞ்சியப் பாத்துக் கேட்டாங்க. எந்த ஊருல கேக்கறாங்க அப்படி?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு அன்று சாப்பிட முடியவில்லை.

ஷூட்டிங் முடிந்து வண்டிகள் போய்விட்டன. இந்த வாரத் தொடக்கத்தில் மேடம் போனில் கூப்பிட்டார். மாமியார் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம். முதல் டேக்கில் வெளிச்சம் சரியில்லையாம். மாமியார் துணியை இழுத்த பிறகு கேமரா ஓடிய அந்தச் சில நொடிகள்தான் நன்றாக வந்திருக்கின்றன, அவற்றையே வைத்துக்கொள்கிறேன் என்கிறாராம் டைரக்டர். வீட்டு ஆளே இறக்கிவிட்டது சம்மதம்தானே என்று கம்பெனியிலும் பேசி வைத்திருக்கிறார்.

"நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் அதை எடுத்துடச் சொல்ல முடியும். எழுத்தெல்லாம் வேண்டாம், உங்க வாயால சொன்னாப் போதும். ஆனா போன்ல வேண்டாம், பக்கத்துல யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. போன தடவை உங்க வீட்டுல வந்து கேட்டது என் தப்பு. இந்தத் தடவை இடத்தை நீங்க சொல்லுங்க, நான் அங்க வரேன். இந்த வாரக் கடைசிக்குள்ள இருந்தா நல்லது."

நான், "பாக்கலாமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தச் சில நொடிகளை நீக்கிவிட்டால் குழந்தை வரும் காட்சியே இருக்காது. அது என்னால்தான் என்று மாமியாருக்குத் தெரிந்துவிடும். டைரக்டர் அவரைக் கூப்பிட்டு, உங்கள் பேத்தி வருகிற இடம்தான் பிரமாதம் என்று சொல்லியிருக்கிறார். மாமியார் அதைக் கிணத்துக்கடவு முழுவதும் சொல்லிவிட்டார். மளிகைக் கடையில் சொன்னார், ஊசி போட்ட நர்ஸிடம் சொன்னார், அம்மாவின் ஊரான ஆனைமலையில் இருக்கிற என் சித்திக்குப் போன் போட்டே சொன்னார். முகம் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தோளும் கையும் யாருடையது என்று இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தேங்காய் பறிக்க வருகிறவர்கள்கூட, "எப்பங்க வருது?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போகிறார்கள்.

அது வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எழுதும்போது இவ்வளவு தெளிவாகத் தோன்றுகிறது. சொல்லத்தான் இடம் இல்லை. அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால், அம்மா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாமியார் மனசு நோகற மாதிரி எதும் பேசீராத கண்ணு" என்பார். மாசாணியம்மன் கோயிலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். பழைய பள்ளிக்கூடத்தில் கணவரின் பெரியப்பா மருமகள் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு என்றால் மாமியார் பையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிடுவார். கோயம்புத்தூரில் ஏதாவது பூங்காவில் வைத்துச் சொல்லலாம் என்றால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் எதற்குப் போகிறேன் என்று வீட்டில் என்ன சொல்வது? ஓடுகிற பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொன்னால் என்ன என்றுகூட நினைத்தேன். முன் சீட்டுக்காரம்மா திரும்பி, "எந்த ஊருங்க அம்மணி, யாரு ஊடு?" என்று கேட்பார்.

மேடத்துக்கு இன்னும் இடம் சொல்லவில்லை. வாரம் பாதி போய்விட்டது. இதைப் படிக்கிறவர்களில் கைக்குழந்தையோடு, மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, வீட்டார் சரி என்ற ஒன்றை வேண்டாம் என்று சொன்னவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். எங்கே வைத்துச் சொன்னீர்கள்? என்ன சொல்லிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள்? சொல்லிவிட்டுத் திரும்பி வந்து அதே சமையலறையில் அவர் பக்கத்தில் எப்படி நின்றீர்கள்?